மார்ச்சில் நட்ட பவளத்தை மே மாதத்தில் யார் பார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளத்துண்டுகள் நடப்படுவது பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வரும் செய்திகளையும், முக்குளிப்பவர்கள் சிமென்ட் பலகைகளோடு கடலுக்குள் இறங்கும் படங்களையும் தவறாமல் பார்த்துவருகிறேன். அரசுப் பணியில் கடல் உயிரியலாளராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அந்தப் படங்கள் மகிழ்ச்சி தருகின்றன. ஆனால் எத்தனை துண்டுகள் நடப்பட்டன என்பதோடு அச்செய்திகள் முடிந்துவிடுவதுதான் உறுத்துகிறது. அந்த உறுத்தலே இக்கடிதத்துக்குக் காரணம்.

நடவு என்பது இந்த வேலையில் எளிதான பகுதி. அலையில் ஒடிந்து கிடக்கும் மான்கொம்புப் பவளத்தின் கிளைகளைச் சேகரித்து, விரல் நீளத் துண்டுகளாக்கி, சிமென்ட் பலகையில் கட்டி, இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் இரும்புச் சட்டத்தின் மேல் வைத்துவிட்டால், தண்ணீர் நன்றாக இருக்கும்வரை அது தானே வளரும். கிளைவிடும் வகைகள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளர்வதுண்டு. உருண்டைப் பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். (2001 முதல் பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில், இடம்பெற்றிருப்பதால், ஒடிந்து கிடக்கும் கிளையைத் தொடுவதற்கும் அனுமதி பெற வேண்டும். அந்தக் கோப்பு நகரும் வேகத்தோடு ஒப்பிட்டால் உருண்டைப் பவளம் விரைவாகவே வளர்கிறது.)

சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும் தை, மாசி மாதங்களில் நடவு நடக்கும். மார்ச் 31-க்குள் பணம் செலவழிக்கப்பட்டு, பயன்பாட்டுச் சான்றிதழும் புகைப்படங்களும் தலைமையகம் போய்ச் சேர வேண்டும். ஏப்ரல் பிறந்ததும் தண்ணீர் சூடேறத் தொடங்குகிறது. வெப்பநிலை முப்பது, முப்பத்தொரு டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் அங்கேயே நின்றுவிட்டால், பவளம் தன் திசுவுக்குள் வாழ்ந்து தனக்குச் சோறு போடும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், பவளமும் பிழைக்கும், தணியாவிட்டால் சாகும். 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாவில் இதுதான் நடந்தது. 2016-இல் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காடாகச் சரிந்தது. ஆக, நாங்கள் நட்ட துண்டின் தலையெழுத்து நிர்ணயமாகும் மே மாதத்தில், அதைப் போய்ப் பார்க்கப் படகு வாடகைக்கோ ஆக்சிஜன் சிலிண்டர் என்று ஊரார் சொல்லும் காற்று உருளையை நிரப்பவோ கணக்கில் பணம் இருக்காது. புதிய நிதி ஒதுக்கீடு வருவதற்குள் தென்மேற்குக் காற்று கடலைக் கலக்கிவிடும். ஒருமுறை நானும் உதவியாளர் இருவரும் கைக்காசைப் போட்டு ஒரு வல்லத்தில் போய், இருபது மீட்டர் நாடாவை விரித்துப் பார்த்தோம். பலகைகளில் பெரும்பாலானவை பச்சைப் பாசி மூடிக் கிடந்தன. அந்தக் கணக்கைச் சேர்க்க ஆண்டறிக்கையில் ஒரு பத்திகூட இல்லை.

பாசி ஏன் மூடியது என்ற கேள்விதான் பவள மீட்பை மீன்வள மேலாண்மையோடு கட்டிப்போடுகிறது. செத்த பவளத்தின் மேல் படரும் பாசியைக் கிளி மீனும் ஓராவும் மேய்ந்து சுத்தம் செய்தால்தான், அடுத்த தலைமுறைப் பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ள வெறும் பாறை கிடைக்கும். அதே மீன்கள்தான் பார் என்று மீனவர்கள் சொல்லும் பவளப்பாறையை ஒட்டிப் போடப்படும் மீன்பிடிக் கூடுகளிலும் விழுகின்றன. கூடு அசையாமல் இருக்கச் சிலர் பவளத்தையே உடைத்துப் பாரமாக வைப்பதும் உண்டு. இதற்காகக் கூட்டுக்காரர்கள்மேல் வழக்குப் போடுவதில் எனக்கு உடன்பாடு இருந்ததில்லை. கீழக்கரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “பார் செத்தா கூட்டுல மீன் விழாதுன்னு எங்களுக்குத் தெரியாதா சார்? கரையில கடன் நிக்குதே.” பல காலம் அந்தக் கடலில் உழைத்தவருக்கு நான் பாடம் நடத்த ஒன்றுமில்லை. எந்தப் பாரில் எந்த மாதங்களில் கூடு போடாமல் விடுவது என்பதை அவர்களோடு உட்கார்ந்து முடிவுசெய்து, அந்த மாதங்களின் வருமான இழப்புக்கு ஒரு வழி சொல்வதுதான் மேலாண்மை.

இங்கே நிர்வாகம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள், வனத்துறையின் பொறுப்பில் வருகின்றன. படகும் வலையும் 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் மீன்வளத்துறையைச் சேர்ந்தவை. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள், அதாவது ஒன்பது கிலோமீட்டர் சொச்சத்துக்குள், விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. தீவுகளோ சராசரியாக எட்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. விசைப்படகு எல்லையைச் சற்றே மீறினாலும் இழுவலை கிளப்பும் சேறு பார்மேல் வந்து படியும். அந்தப் படகைப் பிடிப்பது ஒரு துறை, சேற்றில் மூச்சுத் திணறும் பவளத்தைக் கணக்கெடுப்பது இன்னொரு துறை. உயிரியலாளர் இரண்டு அலுவலகங்களிலும் கடிதம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக வகுக்கப்பட்ட அந்த நாட்கள், பவளம் வெளுக்கும் நாட்களோடு ஏறத்தாழ அப்படியே பொருந்திவருகின்றன. இழுவலை ஓய்ந்திருக்கும் அந்த இரண்டு மாதங்களில் இரு துறைகளும் ஒரே படகில் ஏறிப் பாரைக் கணக்கெடுத்தால், வேலையின்றி இருக்கும் விசைப்படகுத் தொழிலாளர் சிலருக்குக் கூலியும் கிடைக்கும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. நிதியாண்டு எல்லையைத் தாண்டிச் செல்லும் ஒரு சிறு தொகையும், திட்டம் முடிந்ததும் கலைந்துபோகாத நிரந்தரப் பணியிடங்கள் சிலவும் போதும். இன்று இந்த வேலையைச் செய்யும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். எந்தப் பலகை எங்கே இருக்கிறது என்ற அறிவு அவர்களோடு வந்து, அவர்களோடு போய்விடுகிறது.

சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரண்டு தீவுகள் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. 1969-இல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்த காரியச்சல்லி இன்று 3 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. அதை மீட்கப் பெரும் தொகையில் வேலை தொடங்கியிருக்கும் இவ்வேளையில், தங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்தமுறை நடவு விழாவுக்கு அழைக்கப்படும்போது, மூன்று ஆண்டுகளுக்கு முன் நட்டவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கேளுங்கள். கூடவே, வரும் மே மாதம் அதே இடத்துக்கு அழைத்துச்செல்ல முடியுமா என்றும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுக் கடல் உயிரியலாளர்,
இராமநாதபுரம் மாவட்டம்.