சாவி கொடுக்குற போட்டோ சரி, நிலம் யார் பேர்ல?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு அறக்கட்டளை ஏழைங்களுக்கு இலவசமா வீடு கட்டிக் கொடுத்த செய்தி போன வாரம் உங்க பேப்பர்ல பெரிய போட்டோவோட வந்திருந்துச்சு. சந்தோஷம்தான், குறை சொல்ல வரல. ஆனா வீட்டுவசதி சங்கம் ஒண்ணுல ரொம்ப வருஷம் கணக்கு எழுதினவன் நான், எனக்குத் தெரிஞ்சு பத்து வீடு கட்டி சாவி கொடுக்குறத விட அதே காசுல இவங்க செய்யக்கூடியது நிறைய இருக்கு.

வீடு கட்ட பேங்க் கடன் கொடுக்கும், ஆனா எல்லாம் ரெடியான பிறகுதான் கொடுக்கும். அதுக்கு முன்னாடி நிலத்துக்கு அட்வான்ஸ், மண் டெஸ்ட், இன்ஜினியர் பீஸ், அப்ரூவல் செலவுன்னு வரிசையா நிக்கும், அப்ரூவல் கிடைக்கலன்னா போட்ட காசு போச்சு, அதனால எந்த பேங்கும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்காது. நாங்க ஒரு தடவ அருமையான இடம் பேசி முடிச்சு, அட்வான்ஸுக்கு அங்க இங்க அலைஞ்சிட்டு இருக்குறதுக்குள்ள ஒரு பில்டர் முழுப்பணத்தோட வந்து வாங்கிட்டுப் போயிட்டார். இன்னிக்கும் நெனச்சா வயிறு எரியுது. அன்னிக்கு ஏதாவது ஒரு அறக்கட்டளை ரெண்டு வருஷத்துக்கு கைமாத்தா கொடுத்திருந்தாலே போதும், தானமே வேண்டாம், வட்டியோட திருப்பிக் கொடுத்திருப்போம்.

அறக்கட்டளைங்ககிட்ட பணம் இல்லாம இல்ல. அமெரிக்காவுல தனியார் அறக்கட்டளைங்க வருஷத்துக்கு சொத்துல ஏறக்குறைய 5 சதவீதம் நல்ல காரியத்துக்கு செலவு பண்ணணும்னு சட்டம், மீதியெல்லாம் ஷேர்லயும் பாண்டுலயும் குட்டி போட்டுட்டு இருக்கும். குறைஞ்ச வட்டிக்கு நல்ல காரியத்துக்கு கடன் கொடுத்தா அதையும் அந்த 5 சதவீதத்துலயே காட்டலாம்னு 1969 வரிச் சட்டத்துலயே வழி வச்சிட்டாங்க. கடன் திரும்பி வந்ததும் அந்தப் பணத்த மறுபடி நல்ல காரியத்துக்கே விட்டாகணும், ஆக ஒரே பணம் சுத்திச் சுத்தி வரும். தானமா கொடுத்தா ஒரு தடவையோட சரி.

இப்படிக் கடன் கொடுத்ததுக்கு ஒரு உதாரணம்: அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல டட்லி தெருன்னு ஒரு ஏரியா, காலி மனையெல்லாம் குப்பைமேடா கிடந்துச்சு. 1984ல அங்க இருக்குறவங்களே ஒண்ணு சேந்தாங்க, 1988ல சும்மா கிடக்குற மனைய எடுத்துக்குற அதிகாரத்தையே நகர நிர்வாகம் அவங்களுக்குக் கொடுத்துச்சு. அதிகாரம் இருந்தா ஆச்சா, மனைக்காரனுக்கு காசு கொடுக்கணுமே? அங்கதான் ஃபோர்டு அறக்கட்டளை 20 லட்சம் டாலர் கடனா கொடுத்துச்சு. நிலம் அந்த ஏரியாக்காரங்களோட பொது டிரஸ்ட் பேர்லயே இருக்கும், வீடு மட்டும்தான் குடும்பத்துக்கு, விக்கணும்னா விக்கலாம் ஆனா விலைக்கு ஒரு வரம்பு உண்டு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது இந்த வரம்புதான். இலவச வீடு வாங்கினவர் அஞ்சாறு வருஷத்துல பொண்ணு கல்யாணம், ஆஸ்பத்திரி செலவுன்னு மார்க்கெட் விலைக்கு வித்துருவார், அவரத் தப்பு சொல்ல முடியாது, ஆனா அடுத்து வர்ற ஏழைக்கு அந்த வீடு இல்ல. ஜெர்மனியில ஆக்ஸ்பர்க்ல யாகோப் ஃபுக்கர்னு ஒரு பணக்காரர் 1521ல ஆரம்பிச்ச குடியிருப்ப இன்னும் அறக்கட்டளைதான் நடத்துது, வருஷ வாடகை ஒரு யூரோ கூட இல்ல, 88 சென்ட்! (தினம் மூணு பிரார்த்தனை சொல்லணும்னு ஒரு கண்டிஷன் இருக்கு, அது வேற கதை.) யாருக்கும் எழுதிக் கொடுக்காததாலதான் 500 வருஷம் தாண்டியும் ஏழைங்க கையில நிக்குது.

பேர்ப்பலகை ஆசையும் கொஞ்சம் குறையணும் சார். பின்லாந்துல 1985ல ஆரம்பிச்ச ஒய் அறக்கட்டளை தனி காலனி கட்டி வீடில்லாதவங்கள ஒரு மூலையில ஒதுக்காம, சாதாரண அடுக்குமாடியில அங்கொண்ணு இங்கொண்ணா பிளாட் வாங்கி வாடகைக்கு விட்டுச்சு. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கூட தெரியாது, போட்டோவுக்கு சான்ஸே இல்ல.

அப்புறம் லிப்ட், தண்ணி டேங்க், பெயின்ட்டுன்னு பின்னாடி வர்ற செலவு. அதுக்கு ஒரு தொகை ஒதுக்கி வைக்காம கட்டுற கட்டடம் பத்து வருஷத்துல பல்லிளிச்சிடும்.

அடுத்த தடவ சாவி கொடுக்குற விழாவுக்கு உங்க நிருபர் போனா ரெண்டே ரெண்டு கேள்வி கேக்கச் சொல்லுங்க: நிலம் யார் பேர்ல இருக்கு, இந்த வீட்ட வித்தா அடுத்து யாருக்குப் போகும். பதில போட்டோவுக்குக் கீழயே போடுங்க.

இப்படிக்கு,
ஒரு பழைய கணக்குப்பிள்ளை