ஆச்சியின் கையில் இருந்த பெயர்

செங்கோட்டை
ஆடி 14

அன்புள்ள பார்வதி,

இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவின் முட்டுவலிக்குக் கொடுத்தனுப்பிய எண்ணெய் இந்நேரம் தீர்ந்திருக்கும். சின்ன அத்தான் ஆவணியில் மும்பை வருகிறார், இன்னும் இரண்டு புட்டி அவர் கையில் வரும். ஏழு மாதமாக நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ அவரிடம் சண்டை போட்டதும் என் காதுக்கு வந்தது. போனில்தான் பேசுகிறோமே என்று நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. போனில் இருமல், தக்காளி விலை, பிள்ளைகளின் வேலை, அத்தோடு முடிந்துவிடுகிறது. இப்போது சொல்லவேண்டிய விஷயத்துக்காக இரண்டு முறை உன் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

கொழும்பு ஆச்சி போய்விட்டாள். ஆனி கடைசி வெள்ளிக்கிழமை விடியற்காலையில். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

இந்த ஆண்டு நமக்கு இது மூன்றாவது சாவு. மாசியில் கீமேன் தாத்தா, சித்திரையில் ஆதாரத் தாத்தா. அந்த இரண்டையும் போனில் சொன்னேன். "ஐயோ பாவம், வயதாகிவிட்டதே" என்றாய். நானும் "ஆமாம், கலியாணச் சாவுதான்" என்றேன். உன்மேல் குறையில்லை பார்வதி. ஆனால் ஒரு மனிதன் எண்பத்தெட்டு ஆண்டு வாழ்ந்ததை அந்த இரண்டு வார்த்தையில் மூடி வைத்துவிட்டோமே என்று பிறகு எனக்குத் தாங்கவில்லை.

கீமேன் தாத்தாவின் அஞ்சலிச் சுவரொட்டியில் "இரயில்வே ஓய்வு" என்று மட்டும் போட்டிருந்தார்கள். தோளில் சுத்தியலோடு பகவதிபுரத்துக்கு அப்பால் மலைக்குகைக்குள் தினமும் நடந்துபோன மனிதர் அவர். தண்டவாளத்தை இறுக்கும் சாவியைத் தட்டினால் "ணங்" என்று கேட்கவேண்டும், "டப்" என்றால் தளர்ந்திருக்கிறது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தாரே, நினைவிருக்கிறதா? நீ பள்ளிக்கூட மேசையை எல்லாம் தட்டித் தட்டிப் பார்த்து அடி வாங்கினாயே! ஐப்பசி மழையில் அரிக்கன் விளக்கோடு இரவுக் காவல் போனபோது மண் சரிந்து கிடப்பதைக் கண்டு, தண்டவாளத்தில் வெடியைக் கட்டி வண்டியை நிறுத்தியவர். அதைப் பற்றி ஒருநாளும் அவர் வாயால் பெருமை பேசிக் கேட்டதில்லை. 2010இல் மீட்டர் கேஜ் வண்டி நின்றபோது வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். 2018இல் அகலப்பாதை வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு முதல் வாரமே ஏறினார். கழுதுருட்டிப் பக்கம் பதின்மூன்று கண் பாலத்தில் வண்டி போகும்போது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாக எண்ணினார். பதின்மூன்றும் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். 1904இல் கட்டிய பாதை, அதற்கு என்ன ஆகிவிடப் போகிறது? ஆனாலும் அவர் எண்ணிப் பார்க்கவேண்டியிருந்தது.

ஆதாரத் தாத்தாவைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, உன் வீட்டு வழக்கே அவரால்தான் தீர்ந்தது. ஆதாரம் என்று நாம் சொல்லும் திருவிதாங்கூர் காலத்து நிலப் பத்திரங்களைப் படிக்க அவரை விட்டால் இந்தத் தெருவில் ஆள் கிடையாது. மலையாளமும் தமிழும் கலந்து கிடக்கும் அந்த எழுத்தைத் தடங்கலில்லாமல் வாசிப்பார். கொல்லம் ஆண்டைச் சொன்னால் போதும், ஆவணி முதல் மார்கழி பாதி வரை 824 கூட்டு, அதற்குப் பிறகு 825 கூட்டு என்று விரலை மடக்காமலே இங்கிலீஷ் வருஷத்தைச் சொல்வார். 28 சக்கரம் ஒரு ரூபாய் என்ற கணக்கு கடைசிவரை அவர் நாக்கு நுனியில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று நம் தாலுகா மதராஸோடு சேர்ந்தபோது அவர் வாலிபர். ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்தார்களாம். இவரோ கோட்டைவாசல் வரை சைக்கிளில் போய், அங்கே எந்த இடத்தில் நாடு மாறுகிறது என்று தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பி வந்தாராம். ஆரியங்காவில் இருந்த தம் அக்காள் வீடு அன்று காலையோடு வேறு மாநிலம் ஆகிவிட்டது என்பதைத்தான் அவரால் ஏற்கவே முடியவில்லை. அவர் இன்னும் மூன்று மாதம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு திண்டாட்டம் வந்திருக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

ஆச்சி போன செய்தி வந்ததும் கொல்லம் வண்டியில் தென்மலை வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் ஆச்சி இருந்த குளத்துப்புழை ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். நல்ல மழை. லயத்து, அதான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். வந்திருந்த கிழவிகள் எல்லாம் ஆச்சியோடு இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர்கள். ஒப்பாரி அசல் இலங்கை மலைநாட்டு ஒப்பாரி. அதை இனி யார் பாடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

குளிப்பாட்டும்போது நானும் ஒரு கை பிடித்தேன். இடது முன்கையில் பச்சை குத்தியிருந்தது. இத்தனை ஆண்டு அந்தக் கையால் சோறு பிசைந்து நமக்கு உருட்டிக் கொடுத்திருக்கிறாள், நாம் பார்த்ததே இல்லை. வெயிலோ மழையோ அவள் அந்த முழுக்கைச் சட்டையைக் கழற்றியதே கிடையாதே. ரப்பர் பால் கறை என்று நாம் நினைத்துக்கொண்டோம். பேத்தி அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டே, "டீச்சர், இது என்ன எழுத்து?" என்று மலையாளத்தில் கேட்டாள். பார்வதி, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. பாட்டியின் கையில் இருந்ததை அவளால் வாசிக்க முடியவில்லை. நான் தண்ணீர் ஊற்றி, தோலை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். சிவனாயி.

ஆச்சியின் பெயர் சிவனாயி இல்லையே!

அவள் பெயர்தான் என்ன என்று அப்போதுதான் யோசித்தேன். நமக்கு அவள் கொழும்பு ஆச்சி. அந்தப் பெயரும் அவளுக்குப் பிடிக்காது. "நான் கொழும்பைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை பிள்ளை, ஹட்டனுக்கு மேலே தோட்டத்தில் பிறந்தவள்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். நாம் கேட்டோமா? ரயிலை அவள் கோச்சி என்பாள். நீ அதையே பிடித்துக்கொண்டு, மாதத்தில் அவள் வரும் நாளெல்லாம் தெருமுனையிலிருந்து "கோச்சி வந்துவிட்டது, கோச்சி வந்துவிட்டது" என்று கத்துவாய். மரச்சீனிக் கிழங்கு மூட்டையைத் திண்ணையில் இறக்கிவிட்டு உன்னைத் துரத்துவாளே. கப்பல் ஏறுவதற்காக ஜனங்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன ரயிலுக்கு அந்த ஊரில் "அழுகைக் கோச்சி" என்று பெயராம். ஏறுகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் அழுத அழுகையால் வந்த பெயர். சாவு வீட்டில் ஒரு கிழவி சொல்லித்தான் எனக்கு இது தெரியும். ஆச்சி நம்மிடம் சொல்லவில்லை, நாம் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

இதைவிட எனக்கு நெஞ்சில் குத்துவது வேறொன்று. இருபது ஆண்டுக்கு மேல் வகுப்பில் நான் இலங்கைத் தோட்டங்களில் இருந்த நம் ஜனங்களை இரண்டு நாடும் பங்கிட்டுக்கொண்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் நடத்தியிருக்கிறேன். 1964 அக்டோபர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு முடிவு. இரண்டு மதிப்பெண் கேள்வி. பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள். அதை நடத்திவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்தால், உங்கள் வீட்டுத் திண்ணையில் அந்த ஐந்தேகால் லட்சத்தில் ஒருத்தி வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள்கூட நான் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போய்ப் பிள்ளைகள் முன்னால் உட்காரவைக்கவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை.

நாம் நேரில் பார்த்தது 1982 பொங்கல் விடுமுறையில் குளத்துப்புழையில் தங்கிய அந்த நான்கு நாள் மட்டும்தான். விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். குளிர் இருக்கும்போது வெட்டினால்தான் பால் ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும் என்று ஓட்டமாக ஓடினாள். ஒரு மரத்துக்கு ஒரே இழுப்பு. பட்டை நூல்போலச் சுருண்டு விழும், மரத்தின் உள்ளே காயம் படாது. முந்நூறு மரத்துக்கு மேல் முடித்துவிட்டுத் திரும்பி வந்து, சிரட்டையில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றினாள். நீ ஒரு மரத்தில் கத்தி வைத்து ஆழமாகக் கீறிவிட்டாய். அவள் முகம் அப்படியே மாறியது. உன்னைத் திட்டவில்லை. அந்தக் காயத்தைக் கையால் பொத்திக்கொண்டு, "பட்டை திரும்ப வளரவேண்டும், நாளைக்கும் இதுதானே நமக்குச் சோறு போடும்" என்றாள். தேயிலைக் கொழுந்து கிள்ளிப் பழகிய விரலுக்கு வெட்டுக்கத்தி பிடிபட ஒரு வருஷம் ஆனதாம். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகவே 1976இல் தொடங்கிய ரப்பர்க் கம்பெனி அது. அந்தக் காடு முழுவதும் அவளைப்போன்ற கைகள்தான் வெட்டின.

இப்போது திண்டாட்டத்துக்கு வருகிறேன். பேத்தி இறப்புச் சான்று வாங்கவேண்டும், வாரிசுச் சான்று வாங்கவேண்டும். டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். கண்டியில் இந்தியத் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டை பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தது. அதில் முத்தம்மா, பிறப்பு 1944. ரேஷன் அட்டையில் முத்துலட்சுமி. வாக்காளர் அட்டையில் வெறும் முத்து, வயதும் ஐந்து கூடுதல். எழுதினவர்கள் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்கள், இவளும் கொடுத்ததை வாங்கி வைத்திருக்கிறாள். மூன்றையும் எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மூன்று அட்டையையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "இதில் இறந்தது யார்?" என்று கேட்டார். பேத்தி அழுதுவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் கை நடுங்கியது. அவரும் சட்டத்தைத்தான் பார்க்கிறார், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அப்படியா கேட்பது? மூவரும் ஒருவரே என்று சான்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். ஆதாரத் தாத்தா இருந்தால் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்திருப்பார். நான் இரண்டு வாரமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். எப்படியும் எழுதிவிடுவேன், அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த நாலாவது பெயர். சிவனாயி யார்? அவள் தாயா? பிள்ளை ஒன்று அங்கே இறந்துபோனதா? வந்திருந்த கிழவிகளைக் கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை, அவர்கள் எல்லோரும் வேறு தோட்டம். ஒருத்தி மட்டும், "அந்தக் காலத்தில் பிரியப்போகிறோம் என்று தெரிந்தால் அக்காளும் தங்கையும் மாற்றி மாற்றிக் குத்திக்கொள்வார்கள்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஒரே வீட்டில் ஒருத்திக்கு இந்தியா, இன்னொருத்திக்கு இலங்கை என்று பிரிந்தவர்கள் எத்தனையோ பேர். அப்படியானால் ஹட்டன் மலையில் எங்கோ ஒரு கிழவியின் கையில் நம் ஆச்சியின் அசல் பெயர் இருக்கும். அவள் உயிரோடு இருக்கலாம். அக்காள் இறந்தது அவளுக்குத் தெரியவேண்டாமா?

கீமேன் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கலாம். ஆச்சி பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போது அவரோடுதான் பேசிக்கொண்டிருப்பாள். அவரும் இல்லை. மிச்சம் உன் அம்மா ஒருத்திதான். எத்தனை இரவு இரண்டு பேரும் விளக்கை அணைத்துவிட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள். உன் அம்மா அவளைக் கொழும்பு ஆச்சி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வேறு ஏதோ ஒரு பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், எவ்வளவு யோசித்தும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

அம்மாவிடம் கேள். ஆச்சி போய்விட்டாள் என்பதை முதலில் சொல்லாதே, இராத்திரியிலும் சொல்லாதே. காலையில் காபி குடித்து, பேப்பர் பார்த்து முடித்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, பழைய திண்ணையைப் பற்றி ஆரம்பி. தோட்டத்தின் பெயர், தங்கை இருந்தாளா, கடிதம் ஏதாவது வந்ததா, எதுவாக இருந்தாலும் அம்மா சொல்கிற வார்த்தையிலேயே எழுதி அனுப்பு. பச்சையில் இருந்த எழுத்தை நான் தாளில் அப்படியே வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாவது எழுத்தில் ஒரு கோடு தேய்ந்திருந்தது. அம்மாவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டு.

அன்புடன்,
உன் டீச்சர்

பேத்தி அந்த வெட்டுக்கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டாள். பிடி ஆச்சியின் உள்ளங்கைக்குத் தேய்ந்திருக்கிறது. நீ வரும்போது தருகிறேன்.