115 வாட் என்பது எப்போது 115 வாட்?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சால்டரிங் அயர்னை இனி மேஜை ஓரத்தில் வைக்காதே.

பவர் சப்ளை வரைபடம் பார்த்தேன். "2என்3055 பவர் டிரான்சிஸ்டர் என்றால் 60 வோல்ட், 15 ஆம்பியர் தாங்குமே, எனக்கு வேண்டியது 3 ஆம்பியர்தான்" என்கிறாய். அங்கேதான் இடிக்கிறது. அந்த எண்கள் தனித்தனி எல்லைகள். இரண்டையும் பெருக்கினால் 900 வாட் வரும்; அந்த டிரான்சிஸ்டரின் விவர அட்டவணையிலேயே மொத்த வாட் 115தான் என்றும் போட்டிருக்கிறதே!

அந்த 115-ம் கேஸ் (டிரான்சிஸ்டரின் வெளிக்கூடு) 25 டிகிரியில் இருந்தால்தான். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.66 வாட் கழியும். கேஸ் 100 டிகிரிக்கு ஏறினால் மிஞ்சுவது 65 வாட் சொச்சம்.

உன் கணக்கையே எடுத்துக்கொள். உள்ளே 40 வோல்ட், வெளியே 5 வோல்ட்டுக்குக் குறைத்து 3 ஆம்பியர் எடுக்கிறாய். மீதி 35 வோல்ட்டும் டிரான்சிஸ்டர் தலையில்; 3 ஆம்பியரால் பெருக்கினால் 105 வாட். ஜங்ஷனுக்கும் (உள்ளே சூடு பிறக்கும் இடம்) கேஸுக்கும் நடுவே வாட்டுக்கு 1.52 டிகிரி வித்தியாசம்; ஆக ஜங்ஷன் கேஸைவிட 160 டிகிரி சூடாக இருக்கும். ஜங்ஷனின் உச்சம் 200. அப்படியானால் கேஸ் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது! எந்த ஹீட் சிங்கை (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) வைத்து அதைச் சாதிப்பாய்? நடுவில் மின்சாரம் கடக்காமலிருக்க வைக்கும் மைக்கா தகடு வேறு சூட்டைத் தடுக்கும். வெளியே ஷார்ட் ஆனால் 40 வோல்ட்டும் டிரான்சிஸ்டர் மேலேயே, 120 வாட். அது எந்தக் கணக்கிலும் அடங்காது.

இரண்டு டிரான்சிஸ்டர்களை இணையாகப் போடு. ஒவ்வொன்றின் எமிட்டருக்கும் (கரண்ட் வெளியேறும் கால்) ஒன்றாக 0.22 ஓம் ரெசிஸ்டர் கட்டாயம்; இல்லாவிட்டால் சூடானதே மேலும் கரண்டை இழுத்துக்கொள்ளும்.

பலரும் கவனிக்காமல் விடுவது பேஸ்-எமிட்டர் தலைகீழ் வோல்டேஜ், அதாவது பேஸைவிட (கட்டுப்படுத்தும் கால்) எமிட்டர் உயர்ந்து நிற்பது. இதற்கு 7 வோல்ட்தான். சுவிட்சை அணைத்ததும் உள்பக்கம் சீக்கிரம் இறங்கி, வெளிப்பக்கக் கெப்பாசிட்டர் 20 வோல்ட்டில் நின்றால் அந்த எல்லை போயே போச்சு. உடனே எரியாது, கெயின்தான் (கரண்டைப் பெருக்கும் திறன்) கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், காரணமும் பிடிபடாது. வெளியிலிருந்து உள்பக்கம் பார்த்தபடி ஒரு டையோடு போட்டுவிடு, போதும்.

டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் நடுவே டேப் (இடையில் எடுத்த இணைப்பு) இருக்கிறதா? இருந்தால் குறைந்த வோல்டேஜுக்கு அதிலிருந்தே எடுக்கலாம், பாதிச் சூடு மிச்சம். பார்த்து எழுது.

அன்புடன்,
ராஜு