வெள்ள அளவு தெரியாமல் வீட்டுக் கடன் கணக்குப் போட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மாநகராட்சிப் பகுதியிலும் அதை ஒட்டிய ஊராட்சிகளிலும் சொந்த வீடு கட்டத் தொடங்கும் குடும்பங்களில் பல, பேஸ்மட்டம் (வீட்டின் தரையைத் தாங்கும் அடிக்கட்டு) முடிவதற்குள் கையிருப்பு கரைந்து நிற்கின்றன. சிமெண்ட், கம்பி விலையை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்வது சரியாகாது. சிமெண்ட் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகும் இந்த நிலைமை மாறவில்லை. வீட்டின் தரை எந்த உயரத்தில் அமைய வேண்டும் என்பதை முடிவு செய்யும் முன்பே கடன் தொகையை முடிவு செய்துவிடுகிறோம். வீட்டு வரைபடமும் மதிப்பீடும் தயாரிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இதையே முதல் காரணமாகக் கருதுகிறேன்.

கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் கலக்கும் இடம் நம் ஊர். 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த மழையை எவரும் மறந்திருக்க முடியாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. இதையெல்லாம் கண்ணால் கண்டவர்கள், புது வீட்டின் தரையை முடிந்த அளவு உயர்த்த நினைப்பது இயல்பு. ஆனால் எவ்வளவு உயர்த்தினால் போதும் என்று சொல்ல அவர்களிடம் எந்த ஆவணமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் நினைவில் வைத்திருக்கும் அளவும், மேஸ்திரியின் அனுபவமும்தான் உள்ளன.

அந்த உயரத்துக்கு ஆகும் செலவைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1,200 சதுர அடி மனை ஒன்றை இரண்டு அடி உயர்த்த வேண்டுமானால் 2,400 கன அடி, அதாவது 24 யூனிட் மண் நிரம்ப வேண்டும். லாரியில் வந்து இறங்கும் கிராவல் தளர்ந்திருக்கும்; அரை அடி, முக்கால் அடி கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் விட்டு, திம்மிசு போட்டு இறுக்கினால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அமுங்கிவிடும். எனவே வாங்க வேண்டியது 30 யூனிட். மூன்று யூனிட் லாரியில் பத்து நடை. கட்டடம் நிற்கும் இடத்தில் பேஸ்மட்டத்தை மேலும் உயர்த்தினால் அதற்குரிய செங்கல், சிமெண்ட், உள் நிரப்பு மண் எல்லாம் தனிச் செலவு. பணம் போதாதபோது முதலில் கைவைக்கப்படுவது இறுக்கும் வேலையில்தான். மண்ணைக் கொட்டி, மேலாகச் சமன் செய்து, உடனே தரை போட்டுவிடுகிறார்கள். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் கூடத்து டைல்ஸ் நடுவில் இறங்கி விரிசல் விடுகிறது.

இந்தச் செலவு சதுர அடி விலையில் தெரிவதே இல்லை. மொத்த காண்ட்ராக்ட் பேசும்போது, பேஸ்மட்டம் தரையிலிருந்து இரண்டு அல்லது மூன்று அடி என்று வைத்துத்தான் பெரும்பாலும் விலை சொல்லப்படுகிறது. அதற்கு மேல் உயர்த்துவதும், மனையை நிரப்புவதும், சுற்றுச்சுவர், ஆழ்துளைக் கிணறு, செப்டிக் டேங்க் ஆகியவையும் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ‘கூடுதல்’ என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. குடும்பத்தார் முதல் பக்கத்துத் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறார்கள்.

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடனாக, வீட்டின் மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம் வரை தரலாம். மதிப்பு 10 லட்சத்தைத் தாண்டினால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்தக் கணக்கில் சேரா. தமிழ்நாட்டில் இப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 12 லட்சம் ரூபாய் மனைக்கு இவை மட்டும் 1,08,000 ரூபாய். இது முழுவதும் கையிருப்பிலிருந்து போகிறது. அடுத்து மனையை நிரப்புவதும் கையிருப்பில்தான். வங்கியோ தன் பணத்தைக் கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்ட வேலையும் முடிந்ததை நேரில் பார்த்த பிறகே விடுவிக்கிறது. கடனாளியின் பங்கு முதலில் செலவாகியிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. காண்ட்ராக்டர் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பணம் கேட்கிறார். வங்கி பின்பணம் தருகிறது. இந்த இடைவெளியை மூடவே வீட்டுப் பெண்களின் நகை அடகுக்குப் போகிறது. அதுவும் போதாவிட்டால், 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடுத்த கந்து வட்டியைத் தேடிப் போகிறார்கள்.

முதலிலேயே முழுச் செலவும் தெரிந்திருந்தால் கடனைத் திட்டமிட்டு வாங்கலாம். 25 லட்சம் ரூபாய்க் கடனை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளில் கட்டினால் மாதத் தவணை சுமார் 22,500 ரூபாய். 15 ஆண்டுகளில் கட்டினால் சுமார் 25,350 ரூபாய். மாதம் மூவாயிரத்துக்கும் குறைவான இந்த வேறுபாட்டால் மொத்த வட்டியில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். ஆனால் அடகு வட்டியையும் கைமாற்றையும் சேர்த்துச் சுமக்கும் குடும்பம் இந்த மூவாயிரத்தை எங்கிருந்து எடுக்கும்? நீண்ட தவணையைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருப்பதில்லை.

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோருக்கு, சுயசான்று முறையில் இணையவழியாக உடனடி அனுமதி வழங்கும் திட்டத்தை 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்தது. அலைச்சலைக் குறைத்த நல்ல திட்டம் இது, மனமார வரவேற்கிறேன். எனினும், கட்டடம் தொடங்கும் முன் மனையை அலுவலர் எவரும் வந்து பார்க்க வேண்டியதில்லை என்றாகிவிட்டதால், தரைமட்டம் பற்றிய பொறுப்பு முழுவதும் வீடு கட்டுபவர் தலையில் விழுந்திருக்கிறது. அந்தப் பொறுப்பை ஏற்கத் தேவையான தகவலை அவருக்குத் தருவது அரசின் கடமை.

சாலைகளும் இதில் சேர்த்தி. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டிலேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருந்தும், பழைய சாலை மீதே புதிய அடுக்கு ஏறுவதை இன்னும் பார்க்கிறோம். நாளைய சாலை உயரத்தையும் ஊகித்து இன்று கூடுதலாக ஒரு அடி ஏற்றுகிறார்கள். ஒருவர் மனை முழுவதையும் உயர்த்தினால் மழை நீர் அடுத்த மனைக்கு இறங்கும்; அவரும் உயர்த்துவார். சரியான அளவு தெரிந்திருந்தால் மனையை விட்டுவிட்டு வீட்டின் தரையை மட்டும் உயர்த்தினாலே பல தெருக்களில் போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. மேட்டு நிலத்துக் கேப்பர் மலைக்கும் ஆற்றோரத்துக் குண்டு உப்பலவாடிக்கும் ஒரே தொகை என்பது நியாயமாகாது. வெள்ளம் சூழும் ஊர்களில் பேஸ்மட்டத்துக்கென்று தனித் தொகை சேர்த்து வழங்க வேண்டும்.

மாநகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் 2015, 2024 வெள்ளங்களில் நீர் ஏறிய உயரத்தைத் தெருவாரியாக அளந்து, சாலை மட்டத்தோடு ஒப்பிட்டு, பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும். வங்கிகள் அந்த அளவின்படி நிரப்பு மண்ணையும் பேஸ்மட்டத்தையும் மதிப்பீட்டில் தனித் தலைப்பாக ஏற்று, அதற்குரிய பங்கை முதல் தவணையிலேயே விடுவிக்க வேண்டும். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு, ஆய்வு முடிந்து எத்தனை நாளில் என்பதைக் கடன் ஒப்புதல் கடிதத்திலேயே எழுதித் தரவும் வேண்டும். அளக்கும் வேலையை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது நீர்க்கறை அழிந்துகொண்டே வருகிறது. கறை மிச்சமிருக்கும் வீடுகளிலிருந்தும், அளவை நினைவில் வைத்திருக்கும் முதியவர்களிடமிருந்தும் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைத் தொகுத்துவிட முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.