ஐந்து நிமிடச் சைரன்: கட்டுரையில் விடுபட்டவை

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த இதழில் வந்த காட்டுத்தீ பற்றிய கட்டுரை, "சைரன் ஒலித்தால் உடனே வீட்டை விட்டுக் கிளம்புங்கள்" என்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடைமுறை அதுவல்ல. இங்கே சி.எஃப்.ஏ. (மாநிலத்தின் கிராமப்புறத் தீயணைப்பு அமைப்பு) நிலையத்துச் சைரன் 90 விநாடிக்குள் ஓய்ந்துவிட்டால், அருகில் ஏதோ ஒரு சம்பவத்துக்கு வண்டி புறப்படுகிறது என்று மட்டுமே அர்த்தம். அது கார் விபத்தாகக்கூட இருக்கலாம். ஐந்து நிமிடம் விடாமல் ஒலித்தால், உங்கள் பகுதியில் ஆபத்து இருக்கிறது, உடனே விவரம் தேடுங்கள் என்று அர்த்தம். தீ எந்தப் பக்கம், எந்த வீதி மூடியிருக்கிறது, கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறதா என்பதையெல்லாம் சைரன் சொல்லாது. இது ஒன்றும் தெரியாமல் காரை எடுப்பது நேரே புகைக்குள் கொண்டுபோய் விடலாம்.

ஒரே ஒலியை ஊரார் எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா நகரம் எரிந்தபோது மாவி மாவட்டத்தில் 80 சைரன்கள் இருந்தன, ஒன்றுகூட ஒலிக்கவில்லை. சைரன் என்றால் சுனாமி, மேட்டுக்கு ஓடு என்றே அங்குள்ளவர்களுக்குப் பழக்கம், ஒலித்திருந்தால் தீயை நோக்கியே போயிருப்பார்கள் என்று அந்த மாவட்டத்தின் அவசரகால அதிகாரி விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் மக்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுக்காத சைரன் இப்படித்தான் பயனற்றுப் போகும்.

"ஐந்து கிலோமீட்டர் வரை கேட்கும்" என்றும் கட்டுரையில் இருக்கிறது. சைரன் தயாரிப்பாளர்கள் தரும் டெசிபெல் அளவு (ஒலியின் உரப்பு) பெரும்பாலும் சைரனிலிருந்து 30 மீட்டரில் எடுத்தது. தடையில்லாத வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். மரமும் வீடும் மேடுபள்ளமும் உள்ள ஊரில் 10 குறையும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அப்படியானால் 30 மீட்டரில் 120 டெசிபெல் உள்ள சைரன் 120 மீட்டரில் 100, 480 மீட்டரில் 80, ஒரு கிலோமீட்டரை நெருங்கும்போது 70. மூடிய ஜன்னலும் சுவரும் அதில் இன்னொரு 20ஐத் தின்றுவிடும். மிஞ்சுவது சாதாரணப் பேச்சைவிடக் குறைவு. உள்ளே ஏ.சி.யும் தொலைக்காட்சியும் ஓடினால் கேட்கவே கேட்காது.

போதாததற்கு, தீ நாளின் வானிலையே சைரனுக்கு எதிரி. 40 பாகை வெயிலில் தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடச் சூடாக இருப்பதால், ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடும். எதிர்காற்றில் போகும் ஒலிக்கும் இதே கதிதான். விக்டோரியாவின் கொடிய தீ நாட்களில் வெப்பக்காற்று வடக்கிலிருந்து வீசும், தீயும் அந்தப் பக்கமிருந்தே வரும். ஆகவே தீயை முதலில் சந்திக்கும் வடக்கு ஓரத்து வீடுகளுக்குத்தான் ஊர் நடுவிலுள்ள சைரன் மிகக் குறைவாகக் கேட்கும். காற்று திசைமாறித் தென்மேற்கிலிருந்து வீசினால் இந்தக் கணக்கும் மாறும். 173 பேர் இறந்த 2009 பெப்ரவரி 7 அன்று, அந்தத் திருப்பம்தான் தீயின் நீண்ட பக்கவாட்டையே முன்முகமாக்கியது. குளிர்ந்த அமைதியான காலையில் ஒலி நன்றாகப் பரவும். அப்போது ஒலிக்கவிட்டுப் பார்த்து "ஊரெல்லாம் கேட்டது" என்று பதிவேட்டில் எழுதுவதை யாரும் நம்பவேண்டாம்.

அடுத்தது மின்சாரம். மோட்டார் சுழலும் பெரிய பழைய சைரன்களுக்குப் பொதுவாக மூன்று பேஸ் (மும்முனை) மின் இணைப்பு வேண்டும். மரம் விழுந்து கம்பி அறுந்தால் அதோடு சரி. பற்றரியில் ஓடும் மின்னணுச் சைரன் இதைச் சமாளிக்கும். ஆனால் வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் ஈய அமிலப் பற்றரி நீண்ட நாள் தாங்காது: வெப்பம் 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். சார்ஜரில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துத் திருப்திப்படக்கூடாது. கோடைக்கு முன் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, சைரனை ஐந்து நிமிடமும் முழுச்சத்தத்தில் ஓடவிட்டு, கடைசி விநாடியில் வோல்டேஜ் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். இதை முதல் நாளே ஊருக்கு அறிவித்துவிட்டுச் செய்யவேண்டும். சைரனின் ஒலிக்கூம்பு வாயில் குளவிக்கூடு இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

இதற்காகச் சைரனே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. 1997 ஜனவரியில் டண்டினோங் மலைத்தொடரில் ஃபெர்னி கிரீக்கில் மூவர் தீயில் இறந்தபின், அங்கே காட்டுத்தீக்கென்றே சைரன் வைத்தார்கள். சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் தோட்டவேலை செய்பவரைக் கைத்தொலைபேசி எட்டாது, சைரன் எட்டும். ஆனால் சைரன் கேட்கவில்லை, அதனால் ஆபத்தில்லை என்று யாரும் இருந்துவிடக்கூடாது.

ஐந்து நிமிடச் சைரன் கேட்டால் மாநிலத்தின் அவசர எச்சரிக்கைகளைத் தரும் விக்எமர்ஜென்சி செயலியைத் திறந்து பாருங்கள், அல்லது அதன் தொலைபேசி இலக்கமான 1800 226 226ஐ அழையுங்கள். தமிழில் விளக்கம் வேண்டியவர்கள் முதலில் 131 450 மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, அந்த இலக்கத்துக்கு இணைக்கச் சொல்லலாம். வீட்டில் பெற்றோர் தனியாக இருப்பவர்கள் இதை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். மின்சாரம் போனால் என்.பி.என். (தேசிய இணைய வலையமைப்பு) வழி வரும் வீட்டுத் தொலைபேசியும் பொதுவாகப் போய்விடும். அப்போது கைகொடுப்பது பற்றரி வானொலியோ கார் வானொலியோதான். மெல்பேர்ண் பகுதியில் ஏ.பி.சி. வானொலியை 774 ஏ.எம்.மில் கேட்கலாம்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது 90 விநாடி, ஐந்து நிமிடம் என்ற வித்தியாசத்தைப் பெரிய எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர் ஒருவர்,
மெல்பேர்ண்