கடைசி பெஞ்சிலிருந்து

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அக்காவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே நாங்கள் நலம். சின்னவள் வேலூரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

நீ உங்கள் கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் உள் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி.க்கு ஒருங்கிணைப்பாளர் ஆனது எனக்கு அவ்வளவு சந்தோஷம். புதிதாகச் சேர்ந்த பதினொரு ஆசிரியர்களுக்கும் பயிற்சி வைக்க வேண்டும், யாரைக் கூப்பிடலாம், என்ன தலைப்பு வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். நான்கு நாளாக அதையேதான் யோசிக்கிறேன். வெளியிலிருந்து யாரையும் கூப்பிடும் முன், இந்த வருஷம் எங்கள் இயற்பியல் துறையில் நடந்ததைக் கேள்.

நாம் வேலைக்குச் சேர்ந்த நாள் நினைவிருக்கிறதா? நேற்று வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் மறுநாள் மேடையில். வருகைப் பதிவேட்டையும் சாக்பீஸையும் கையில் கொடுத்து அறை எண்ணைச் சொன்னார்கள், அவ்வளவுதான். பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்த பி.எட். வேண்டும். பட்டப்படிப்புக்கு நடத்த நெட், செட் என்ற தகுதித் தேர்வுகளில் ஒன்று, அல்லது பிஎச்.டி. போதும். பாடம் தெரிவது ஒன்று, அதை இன்னொருவர் மனசில் ஏற்றுவது வேறொன்று. இரண்டாவதை நாம் பிள்ளைகளை வைத்தே பழகிக்கொண்டோம். அந்த முதல் மூன்று வருஷத்துப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்னும் உறுத்தும்.

ஏற்பாடே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1986 தேசியக் கல்விக் கொள்கை வந்த மறு வருஷமே பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களைப் பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. நீயும் நானும் ஓரியண்டேஷனுக்குப் போனது அங்கேதான். நான்கு வாரம், 144 மணி நேரம். பிறகு அது மனிதவள மேம்பாட்டு மையமாகி, இப்போது மாளவியா மிஷன் மையமாகியிருக்கிறது. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகள் புதியவர்களுக்கு ஒரு மாத அறிமுகப் பயிற்சியைக் கொண்டுவந்தன; அடுத்த வருஷம் அதற்காக ‘குரு தக்ஷதா’ என்ற கையேடும் வந்தது. நல்ல காரியங்கள்தான். அந்த நான்கு வாரத்தில் வரலாற்றுக்காரர்களோடும் தாவரவியல்காரர்களோடும் விடுதி மொட்டைமாடியில் பேசியது இன்னும் எனக்கு உதவுகிறது. ஆனால் ஊருக்குத் திரும்பி வகுப்புக் கதவைச் சாத்திவிட்டால், உள்ளே நானும் அறுபது பிள்ளைகளும்தான். கற்றுவந்ததில் எது பலிக்கிறது, எது பலிக்கவில்லை என்று பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்ல ஆளில்லை. சான்றிதழ் பதவி உயர்வுக் கோப்புக்குள் போய்விட்டது.

கௌரவ விரிவுரையாளர்களுக்கு அந்தச் சான்றிதழ்கூட இல்லை. எங்கள் துறையில் பாதி வகுப்பு அவர்கள் கையில்தான் இருக்கிறது. பதவி உயர்வே இல்லாத வேலையில் இருப்பவரைப் பயிற்சிக்குப் போய்வா என்று யார் அனுப்புகிறார்கள்? உன் பதினொரு பேரோடு அவர்களையும் சேர்த்துக்கொள், மங்கை. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் துறைக்கு வந்து ஒன்றரை வருஷமான ஒரு தம்பி, பாடத்தில் கெட்டிக்காரர். ஆனால் முதல் உள்தேர்வில் வெப்ப இயலில் பாதிப் பேர் தேறவில்லை. என் அறைக்கு வந்து, “எங்க தப்பு பண்றேன்னே தெரியல மேடம்” என்றார். கண் கலங்கியிருந்தது. “ஒருநாள் உங்க வகுப்புல வந்து உட்காரட்டுமா?” என்று கேட்டேன். முகம் சட்டென்று மாறிவிட்டது. முன்பு அவர் வேலை பார்த்த இடத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்று குறிப்பெடுப்பார்களாம், மறுநாள் மெமோ வருமாம். பிறகு எப்படி ஒருவர் கதவைத் திறப்பார்?

அவருக்கு மூன்று வாக்குக் கொடுத்தேன். எதையும் காகிதத்தில் எழுத மாட்டேன், யாரிடமும் பேச மாட்டேன். எதைப் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்லலாம். அடுத்த வாரம் அவர் என் வகுப்பில் வந்து உட்கார வேண்டும். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, “பிள்ளைங்க எந்த இடத்துல விட்டுடறாங்கன்னு மட்டும் பாருங்க மேடம்” என்றார்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பெண். தம்பி பலகையில் வெப்பக் கடத்தல் சமன்பாட்டை அழகாக, ஒரு படிகூட விடாமல் வருவித்துக்கொண்டு போனார். அந்தப் பெண்ணும் ஒரு வரி விடாமல் எழுதினாள். முன்னால் இருந்து பார்த்தால் வகுப்பிலேயே கவனமான பிள்ளை அவள்தான் என்று சொல்வோம். எட்டி அவள் நோட்டைப் பார்த்தேன். ‘ஹீட்’ என்ற சொல்லுக்கு மேலே பென்சிலால் பொடியாக ‘சூடு’ என்று எழுதியிருந்தாள். ‘டெம்பரேச்சர்’ என்ற சொல்லுக்கு மேலேயும் அதே ‘சூடு’. வெப்பம், வெப்பநிலை என்று பன்னிரண்டாம் வகுப்பு வரை தனித்தனியாகப் படித்தவள்தான். ஆங்கிலத்தில் வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதற்குப் பிறகு அந்தச் சமன்பாட்டில் அவளுக்கு என்னதான் புரியும்?

வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது வேறெதுவும் சொல்லாமல் அந்த நோட்டில் கண்டதை மட்டும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

மறுநாள் முதல் மணி நேரம். பாடத்தைத் தொடங்காமல், எல்லோரையும் ஒரு கையால் ஜன்னல் கம்பியையும் மறு கையால் மர பெஞ்சையும் தொடச் சொன்னாராம். எதன் வெப்பநிலை குறைவு என்று கேட்டதற்கு ஏறக்குறைய எல்லாக் கையும் கம்பிக்குத்தான் உயர்ந்திருக்கிறது. சரி, தப்பு என்று எதுவும் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிஷம் தமிழிலேயே பேசுங்கள் என்று விட்டிருக்கிறார். பிறகு ஆய்வகத்துத் தெர்மாமீட்டரை இரண்டிலும் வைத்துக் காட்ட, இரண்டும் 27 டிகிரி. வகுப்பே திகைத்துப் போயிருக்கிறது. அப்போது அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து, “கம்பி நம்ம கைச்சூட்ட வேகமா இழுத்துக்குது சார், அதான் ஜில்லுன்னு தெரியுது” என்றாளாம். என்னிடம் சொல்லும்போது அந்தத் தம்பிக்குக் குரல் தழுதழுத்தது. வெப்பக் கடத்தல் என்றால் இதுதானே! சமன்பாடு அதற்குப் பிறகு தானாக வந்து உட்கார்ந்தது.

பக்கத்தில் இருப்பவரோடு பேசவைக்கும் இந்த வழி நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990 வாக்கில் தன் மாணவர்களிடம் மிகச் சாதாரணமான கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார். கனமான லாரியும் சின்னக் காரும் மோதினால் எது எதன் மேல் அதிக விசையைச் செலுத்தும் என்பது போன்றவை. கடினமான கணக்குகளைப் போடுகிறவர்கள் இதில் தடுமாறினார்கள். அவர் விளக்க விளக்கப் புரியாதது, மாணவர்களைத் தங்களுக்குள் பேசவிட்டதும் இரண்டு நிமிஷத்தில் விளங்கியது. 2014இல் ஃப்ரீமன் என்ற ஆய்வாளரின் குழுவினர் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டுமே கேட்ட மாணவர்கள் தோற்கும் வாய்ப்பு, பேசியும் செய்தும் கற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு. இதெல்லாம் பயிற்சியில் ஸ்லைடில் பார்த்ததுதான். அந்த நோட்டில் பென்சில் எழுத்தைப் பார்க்கிறவரை எங்கள் வகுப்புக்குள் அது வரவில்லை.

அடுத்த வாரம் அவர் என் வகுப்புக்கு வந்தார். வெளியே வந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: ஒரு மணி நேரத்தில் நான் 14 கேள்வி கேட்டேனாம், அதில் 12 இடது பக்கம் பார்த்தே கேட்டேனாம். பதில் சொல்கிற பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் உட்காருவார்கள். வலது பக்கத்து மூன்று வரிசையை நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் எத்தனை வலது பக்கங்கள் இப்படிப் போயிருக்கும் என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவர் சொல்லியிருக்காவிட்டால் ஓய்வு பெறும் நாள் வரை எனக்குத் தெரிந்திருக்காது.

இப்போது ஆறு பேர் ஆகிவிட்டோம். வியாழக்கிழமை கடைசி மணி நேரம் டீயோடு உட்கார்கிறோம். தமிழ்த்துறையிலிருந்து ஒரு அம்மா வந்து எங்கள் இயற்பியல் வகுப்பில் உட்கார்ந்தார். பாடம் தெரியாதவர் வந்து என்ன பார்ப்பார் என்று நினைத்தேன். பிள்ளைகள் எங்கே வழி தவறினார்களோ, சரியாக அதே இடத்தில் அவருக்கும் வழி தவறியது. பாடம் தெரிந்த எங்களுக்கு அந்த இடம் கண்ணிலேயே படாது. நீயும் துறை மாற்றி அனுப்பிப் பார்.

உனக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இதை, கல்லூரிக்குத் தரச் சான்று தரும் நாக் அமைப்புக்கான கோப்போடு கலந்துவிடாதே. மதிப்பெண்ணும் படிவமும் உள்ளே வந்த நிமிஷமே வகுப்பு காட்சிக்கு நடத்தும் வகுப்பாகிவிடும். ஆதாரம் கேட்டால், கூடிய தேதியை மட்டும் கொடு. முதல்வரிடம் பணம் கேட்காதே, கால அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரம் எல்லோருக்கும் பொதுவாக ஒதுக்கித் தரச் சொல். எங்களுக்கு அதை வாங்கத்தான் மூன்று மாதமானது. புதியவர்களின் வகுப்பில் நீ போய் உட்காரும் முன் உன் வகுப்புக்கு அவர்களைக் கூப்பிடு. பதினொரு பேரும் பார்க்க நீ முதலில் நடத்து. பிறகு அவர்கள் சொல்வதைப் பதில் பேசாமல் கேள். அது கொஞ்சம் வலிக்கும்டி.

வெளியாட்களைக் கூப்பிடவே கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு மாதம் போகட்டும். அதற்குள் உங்களுக்கென்று கேள்விகள் வந்திருக்கும், அதற்கேற்ற ஆளைக் கூப்பிடலாம்.

பொங்கலுக்கு ஊருக்கு வருவேன். ஒரு நாள் முழுக்க உன்னோடு இருக்க வேண்டும். நாளை இரண்டாவது மணி நேரம் எனக்கு வகுப்பு, அந்தத் தம்பி மறுபடி வருகிறார். வலது பக்கத்து மூன்றாவது வரிசையில் ஒரு பையன் இருக்கிறான். இன்று அவன் பெயரைப் பதிவேட்டில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டேன். முதல் கேள்வி அவனுக்குத்தான்.

என்றும் அன்புடன்,
வசந்தா