எந்தப் பதிவைக் கேட்டு எழுதினீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு மலரில் டேஞ்சரின் ட்ரீம் என்ற ஜேர்மன் மின்னிசைக் குழுவைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். பேர்லினில் 1967 இல் தொடங்கிய அக்குழுவைப் பற்றி ஒரு தமிழ் நாளிதழில் வாசிக்கக் கிடைப்பது அபூர்வம் என்பதால் முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் குழுவை நிறுவிய எட்கர் ஃப்ரோசே தனியாக வெளியிட்ட இசைத் தொகுப்புகளுக்குப் பரீட்சைத் தாளுக்குப் போடுவதுபோல் புள்ளி போட்டு, அவை குழுவின் வேலையில் மிஞ்சிய துண்டுதுணுக்குகளே என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆண்டுக் கணக்கே அதற்கு இடம் தராது. குழுவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த 'ஃபேட்ரா' வெளிவந்த அதே 1974 இல்தான் ஃப்ரோசேயின் 'அக்வா'வும் வெளிவந்தது. குழு 'ரூபிகான்' தந்த 1975 இல் அவர் தனியாக 'எப்சிலன் இன் மலேசியன் பேல்' தந்தார். இசைத்தட்டின் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே உருப்படிகள் கொண்ட இந்த இரண்டாவது தொகுப்பில், விசையை அழுத்தினால் உள்ளே ஒலிநாடா ஓடிப் புல்லாங்குழலாகவும் வயலினாகவும் ஒலிக்கும் மெல்லோட்ரன் என்ற கருவியை அவர் கையாண்டிருக்கும் விதத்தைக் கேட்டவர்கள், அதை எதனுடைய மிச்சம் என்றும் சொல்லமாட்டார்கள். இதே குழுவின் 1970 ஆம் ஆண்டு முதல் தொகுப்பில் டிரம்ஸ் வாசித்துவிட்டு விலகிய கிளாவுஸ் ஷூல்ட்ஸே, 1972 இல், மின்சுற்றுகளால் ஒலி உண்டாக்கும் சின்தசைசர் என்ற கருவியே இல்லாமல், ஓர்கனையும் ஒரு வாத்தியக் குழுவின் ஒத்திகைப் பதிவையும் வைத்துக்கொண்டே 'இர்லிக்ட்' என்ற தம் முதல் தனித் தொகுப்பைச் செய்தார். அவருடைய பெயர் நிலைத்தது தனியே போன பிறகுதான்.

இந்த இசையை நான் முதலில் கேட்டது மல்லாவியில், இடம்பெயர்ந்து இருந்த காலத்தில். வன்னிக்குள் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை; ஆகவே சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் றேடியோவும் கசெட்டும் கேட்போம். ஜேர்மனியில் இருந்த சித்தப்பா யாரோ ஒருவரின் கையில் கொடுத்தனுப்பிய தொண்ணூறு நிமிடக் கசெட் ஒன்றின் முதற்பக்கத்தில் 'ஃபேட்ரா'வும் மறுபக்கத்தில் 'அக்வா'வும் இருந்தன. இடம் போதாமல் 'அக்வா'வின் கடைசி உருப்படி பாதியில் அறுந்துபோகும். சுற்றுகிற தம்பியின் கை சோர்ந்தால் சுருதி இறங்கும், நான் அதட்டினால் ஏறும். 'ஃபேட்ரா'வின் தலைப்பு உருப்படியில் சுருதி நழுவுகிற இடத்துக்காக அவன் என்னிடம் எத்தனையோ தடவை ஏச்சு வாங்கியிருக்கிறான். பல ஆண்டுகள் கழித்து, வீட்டுக்கு மின்சாரம் வந்த பின்னர் கேட்டபோதுதான் அந்த நழுவல் மூலப்பதிவிலேயே இருப்பது தெரிந்தது. மூக் என்ற சின்தசைசர் சூடேறச் சூடேற, அதில் ஒலியை உண்டாக்கும் அலையியற்றிகள் சுருதியை விட்டு விலகியிருக்கின்றன. அதை அவர்கள் வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்றே அவனுக்கு நினைவில்லை.

ஃப்ரோசேயின் தனித் தொகுப்புகள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை என்பதை நானும் மறுக்கவில்லை. 1978 இல் இரட்டை இசைத்தட்டாக வந்த 'ஏஜஸ்' நான்கு பக்கங்களுக்கு நீள்கிறது. இரண்டு பக்கங்களே தாராளம். அடுத்த ஆண்டு வந்த 'ஸ்டண்ட்மேன்' எனக்கு இன்றுவரை ஒட்டவே இல்லை. குழுவாக இருந்தால் ஒருவர் நீட்டும்போது இன்னொருவர் போதும் என்று கை காட்டுவார்; தனியாக இருப்பவருக்கு அப்படிக் கை காட்ட ஆளில்லை. அந்தச் சுதந்திரத்தில்தான் 'அக்வா'வின் ஓர் உருப்படியில், மனிதத் தலையின் வடிவில் செய்த பொம்மையின் காதுகளில் ஒலிவாங்கிகளை வைத்துப் பதியும் முறையை அவர் சோதித்துப் பார்த்தார். ஹெட்போன் போட்டு அந்த உருப்படியைக் கேட்டால் ஒலி நம் பிடரிக்குப் பின்னால் சுற்றி வருவதை உணரலாம். சாதாரண ஸ்பீக்கரில் கேட்டால் அதில் பாதி போய்விடும்.

இனி, நான் எழுத வந்ததன் முக்கியமான பகுதி. சென்ற மாதம் எங்கள் வாசிகசாலையில் பரந்தனில் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவருக்கும் கணினிக் கடை நடத்தும் இளைஞர் ஒருவருக்கும் 'அக்வா'வைப் பற்றி ஒரு மாலை முழுவதும் வாக்குவாதம் நடந்தது. செப்பமில்லாமல் கரடுமுரடாக இருப்பதே அதன் அழகு என்றார் ஆசிரியர். கரடுமுரடா, வழவழவென்று மெருகு போட்டதுபோல் அல்லவா இருக்கிறது என்றார் இளைஞர். கடைசியில் இருவரும் தத்தம் தொலைபேசியில் போட்டுக் காட்டினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, "சேர், இது வேறை பதிவு!" என்று இளைஞர் எழுந்துவிட்டார். நடந்தது இதுதான்: 2000களின் நடுப்பகுதியில் ஃப்ரோசே தம் பழைய தனித் தொகுப்புகள் பலவற்றை மீண்டும் கையிலெடுத்து, சில பகுதிகளைப் புதிதாக வாசித்துச் சேர்த்து, ஒலிக்கலவையையும் மாற்றி, அதே பெயர்களில் வெளியிட்டார். ஆசிரியரிடம் இருந்தது 1974 ஆம் ஆண்டுப் பதிவு, இளைஞரிடம் இருந்தது திருத்தியது. ஃப்ரோசே 2015 இல் காலமாகிவிட்டார். தம் வேலையைத் திருத்த அவருக்கு உரிமை இருந்தது என்றாலும், முப்பது ஆண்டுகள் கழித்து மெருகூட்டியதை 1974 இன் கணக்கில் எழுதுவது கேட்பவருக்கு நியாயமாகாது.

தங்கள் கட்டுரையில் 'அக்வா'வுக்கும் 'எப்சிலன்' தொகுப்புக்கும் புள்ளி போட்டிருக்கிறது. அவற்றின் எந்தப் பதிவைக் கேட்டுப் போட்டது என்ற விவரம் மட்டும் எங்கும் இல்லை. அடுத்த ஞாயிறு மலரில் கட்டுரையாளர் அதை இரண்டு வரியில் தெரிவித்தால், வாசிகசாலையில் அந்தக் கட்டுரையை வெட்டி ஒட்டியிருக்கும் பலகையில் அதையும் பக்கத்தில் ஒட்டிவிடுவோம்.

இங்ஙனம்,
வானொலி திருத்துநர் ஒருவர்,
கிளிநொச்சி.